மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டிலேயே நடக்க டிரெட்மில் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் அம்மாவுக்கு 63 வயது, பத்து வருஷமாகச் சுகர், லேசான முழங்கால் வலி. அண்ணா நகரில் தம்பி குடும்பத்தோடு மாடி போர்ஷனில் இருக்கிறார், வீட்டில் மூன்று வயதுப் பேத்தி உண்டு, பட்ஜெட் நாற்பதாயிரம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று ஹெச்.பி. மோட்டாரா, நான்கு ஹெச்.பி. மோட்டாரா என்பதுதான் உங்கள் குழப்பம். அப்பாவுக்காக இரண்டு டிரெட்மில் வாங்கி, முதலாவதில் பணத்தை விட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். தாராளமாக வாங்குங்கள். ஆனால் மோட்டாரைக் கடைசியில் பாருங்கள். அம்மா எட்டு வைக்க இடம் போதுமா, தடுமாறினால் பிடித்துக்கொள்ளக் கைக்கு என்ன கிடைக்கும், இந்த இரண்டும்தான் முதலில்.

அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார். விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் தெருமுனையில் நாய்கள் விரட்டியதில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வாசலைத் தாண்டப் பயந்தார். டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில ஏத்தி விட்டாங்களே, அதா? வேணாம் தாயி" என்றார். டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. டெஸ்ட் எடுத்தவர்கள் பலருக்கும் இந்தப் பயம் இருக்கும். அங்கே வழக்கமாகச் செய்யும் புரூஸ் முறையில் எடுத்த எடுப்பிலேயே 10 சதவீத ஏற்றம், மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம். மூன்று நிமிடம் கழித்து ஏற்றம் 12, வேகம் 4. அதற்கு மேலும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் ஏறிக்கொண்டே போகும். இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்றே அப்படி ஏற்றுகிறார்கள். வீட்டில் சமதளத்தில் 2 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் அந்த டெஸ்ட் எடுத்திருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை எடுக்கவில்லை என்றாலும், இந்த வயதில், சுகரோடு, தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மெஷினை நான்தான் ஆன்லைனில் தேர்ந்தெடுத்தேன். '4 ஹெச்.பி. பீக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நடக்கும் பெல்ட்டின் நீளம் ஒரு மீட்டர், அகலம் 40 சென்டிமீட்டர். அது எனக்கு வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. வந்து இறங்கி அப்பா ஏறி நடந்தபோதுதான் புரிந்தது. ரோட்டில் வீசி நடக்கிறவர், இங்கே பின்னால் விழுந்துவிடுவோமோ என்று முன்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து, குட்டிக் குட்டி எட்டாக வைத்தார். பத்தே நாளில் இடுப்பு வலி. கம்பியில் பாரத்தைப் போட்டு நடந்தால் உடம்புக்குக் கிடைக்கும் பயிற்சியும் குறைந்துவிடுகிறது. அதனால் சொல்கிறேன், நடப்பதற்கு மட்டும் என்றாலும் பெல்ட் 120 சென்டிமீட்டர் நீளம், 42-க்குக் குறையாத அகலம் இருக்கட்டும். நாளைக்குத் தம்பி அதில் ஓடுவார் என்றால் 130-க்கு மேல் பாருங்கள்.

கைப்பிடி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முன்னால் மட்டும் குறுக்குக் கம்பி இருக்கும் மாடல் வயதானவர்களுக்குப் போதாது. இரண்டு பக்கமும் பாதித் தூரமாவது பின்னால் நீண்டு வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தடுமாற்றம் வரும், அப்போது கை தானாகப் பக்கத்தில்தான் தேடும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் வாக்கிங் பேடுகளில் பெரும்பாலும் கைப்பிடியே கிடையாது, அவை வேண்டவே வேண்டாம். மோட்டார் இல்லாமல் காலால் தள்ளி நடக்கும் சாதா டிரெட்மில்லும் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் பெல்ட்டை நகர்த்தவே தம் கட்ட வேண்டும், முழங்கால் வலிக்கு அது ஆகாது. ஆட்டோமேட்டிக் ஏற்றத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆரம்ப வேகம் ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மோட்டார். பெட்டியில் போட்டிருந்த நான்கு ஹெச்.பி.யைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். அப்பா பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆறு ஆம்ஸ் பிளக்குல நாலு ஹெச்.பி. எப்படித் தாயி ஓடும்?" என்றார். கணக்கு எளிது. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். நான்கு என்றால் கிட்டத்தட்ட 3000 வாட். 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் பிளக் தருவது 1400 வாட்டுக்கும் கீழே. ஆக, 'பீக்' என்று போடுவது அந்த மோட்டார் கண நேரம் எட்டிப்பிடிக்கும் உச்சம். தொடர்ந்து ஓடும்போது தருவதைக் 'கன்டினியூவஸ்' அல்லது சி.ஹெச்.பி. என்று போடுவார்கள், அதைத்தான் கேட்க வேண்டும். எழுபது, எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்க ஒன்றரை முதல் இரண்டு வரை போதும், ஓடுவதென்றால் இரண்டரைக்கு மேல். கடைக்காரரால் அந்த எண்ணைச் சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள். தாங்கும் எடை என்று போட்டிருப்பதும் அம்மாவின் எடையைவிட இருபது, முப்பது கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும்.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். நடக்கும்போது 500 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்குக் கால் யூனிட். தினமும் நடந்தால் இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட். பிளக் பாயிண்ட்தான் முக்கியம். எர்த் சரியாக உள்ள தனி பாயிண்ட் வேண்டும், ஏசி பாயிண்ட் போல 16 ஆம்பியர் என்றால் இன்னும் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது, வீட்டு இன்வெர்ட்டரிலும் போடாதீர்கள். சித்திரை, வைகாசியில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெல்ட் நின்றுவிடும். அதனாலும்தான் அந்தப் பக்கக் கைப்பிடி.

எங்கள் முதல் மெஷின் மூன்றாவது மாதம் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. கால் வைத்ததும் பெல்ட் ஒரு நொடி சிக்கிப் பிறகு வெடுக்கென்று நகரும். போன் செய்தால் ஆள் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும் என்றார்கள், பதினெட்டு நாள் ஆனது. அதற்குள் அப்பா பொறுக்க முடியாமல் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் தடவினார். விரலில் கறுப்பாகத் தூள், எண்ணெய்ப் பிசுபிசுப்பே இல்லை. "காஞ்சு போய்க் கிடக்கு. இப்படி ஓட்டுனா எந்த மோட்டாரும் சூடாகத்தான் செய்யும்" என்றார். பெல்ட்டுக்கும் கீழே உள்ள பலகைக்கும் நடுவில் சிலிக்கான் ஆயில் விட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூட வந்த சின்ன பாட்டிலை நானும் பெட்டியோடு பரணில் போட்டிருந்தேன். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் விடக்கூடாது, சிலிக்கான் ஆயில் மட்டும்தான். ஆகவே மதுரையிலேயே வந்து பார்க்கும் மெக்கானிக் இருக்கிறாரா, அவருடைய நம்பரைத் தருவீர்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். மோட்டாருக்கு வாரண்டி ஐந்து வருஷம் என்று எழுதிவிட்டு, பெல்ட்டுக்கும் போர்டுக்கும் ஒரு வருஷம்கூடத் தராத மாடல்கள் உண்டு, அதையும் படித்துப் பாருங்கள்.

இரண்டாவதை கே.கே. நகரில், வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் பழையதாக வாங்கினோம். நாற்பதாயிரத்துக்குள் நல்ல நீளம் வேண்டுமென்றால் இதையும் யோசியுங்கள், இரண்டு மாதம் நடந்துவிட்டு விட்டவர்களின் மெஷின்கள் நிறையக் கிடைக்கின்றன. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று டிஸ்பிளேயில் காட்டும் மாடல் என்றால் அதைப் பாருங்கள். பத்து நிமிடம் நடந்து பார்த்து, கருகல் வாசம் வருகிறதா, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். கொஞ்சம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டை ஆலன் கீயால் கால் சுற்று திருப்பினாலே சரியாகிவிடும், அதற்காக விட்டுவிட வேண்டாம். அப்பா நடக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து மோட்டார் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து, "பேரிங் நல்லாருக்கு, எடுத்துக்குவோம்" என்றார்.

மாடி போர்ஷன் என்பதால் படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து வையுங்கள். பெட்டி அறுபது, எழுபது கிலோ இருக்கும். அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால்தான் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் போகாது. டி.வி. தெரிய வேண்டும் என்று மெஷினின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறார்கள், அது ஆபத்து. விழுந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார். பின்னால் ஆறடி காலியாக இருக்க வேண்டும்.

பேத்தியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பின் ரோலருக்குள் பிள்ளைகளின் விரல் போய்விடும். 2021-இல் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் ஒரு குழந்தை இறந்த பிறகு டிரெட் பிளஸ் என்ற மாடலையே திரும்பப் பெற்றது. அம்மா நடக்கும் நேரம் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். இறங்கியதும் மெஷினில் சொருகியிருக்கும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள், அது இல்லாமல் மெஷின் ஓடாது. நடக்கும்போது அதன் கிளிப் அம்மாவின் உடையில் மாட்டியிருக்க வேண்டும். புடவையோடு ஏற விடாதீர்கள். முந்தானையோ துப்பட்டாவோ சிக்கினால் இழுத்துக்கொள்ளும். சுடிதார் பழக்கம் இல்லையென்றால் நைட்டி, அதுவும் கணுக்காலுக்கு மேலே.

அப்புறம் செருப்பு. வீட்டுக்குள் செருப்புப் போட நம் அம்மாக்களுக்கு மனசு வராது, வெறுங்காலோடு ஏறிவிடுவார்கள். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், பெல்ட் உரசிக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. புது ஷூ ஒன்று வாங்கி, இது மெஷினுக்கு மட்டும், தெருவைத் தொடாதது என்று சொல்லிக் கொடுங்கள். என் அம்மா அதற்குத்தான் சம்மதித்தார்.

சுகருக்கு இதில் ஒரு பெரிய வசதி, சாப்பிட்ட பிறகு நடப்பது. சாப்பாட்டுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே ஏறும் சுகர் குறைகிறது. இரவு எட்டரைக்கு அண்ணா நகர் தெருவில் அம்மா இறங்கி நடக்கப்போவதில்லை, ஹாலில் நடப்பார். பழகிய பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சிக் கணக்கும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்துவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் பக்கத்தில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளட்டும்.

மாடலை நீங்கள் போனில் பார்த்து முடிவு செய்யாமல், தம்பியை அம்மாவோடு பைபாஸ் ரோட்டுப் பக்கமோ எங்கேயோ ஒரு கடைக்கு அனுப்புங்கள், ஷூவையும் எடுத்துக்கொண்டு. பதினைந்து நிமிடம் அம்மா கையை வீசி நடக்கட்டும். அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கம்பியை விட்டு நடக்கிறாரா என்று அதில் தெரிந்துவிடும்.

எங்கள் மெஷின் இப்போது நான்காவது வருஷத்தில் இருக்கிறது. ஆயில் விடும் நாளை அப்பா தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் குறித்து, கிழிக்காமல் மெஷின் தலையில் ஒட்டி வைத்திருக்கிறார். போன வாரம் பார்த்தேன், கடைசித் தாளில் தேதிக்குக் கீழே 3.2 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். அது ஆயில் கணக்கு இல்லை, அன்றைக்கு அவர் நடந்த வேகம்.