பழைய ஸ்டேஷன் வேகனைப் பதிக்க, அதாவது அதன் உயரத்தைக் குறைக்க, எப்படிப்பட்ட ஸ்பிரிங் தேவை?

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது, அதை 1 மி.மீ. அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பதுதான். உயரத்தைவிட முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஒரு பின்சில்லுக்கு மேல் தடுப்பு றப்பர் வரை 80 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைப்போம். ஸ்பிரிங்கின் விறைப்பு 2 கிலோ. ஆட்களும் சாமானும் ஏறி அந்தச் சில்லில் 100 கிலோ கூடினால் 50 மி.மீ. இறங்கும், 30 மிஞ்சும். வாகனத்தை 30 மி.மீ. பதித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை, ஒழுங்கைப் பள்ளத்தில் அடி நேரே வாகனத்தின் உடலில் விழும். அதே 30 மி.மீ. பதித்தாலும், விறைப்பு 2.7 கிலோ என்றால் 37 மி.மீ. மட்டும் இறங்கி, 13 மிஞ்சும். வேகனுக்குப் பின்பாரம் அதிகம் என்பதால், அதே மொடல் காரின் பின் ஸ்பிரிங்கை நம்பிப் போடவேண்டாம்.

ஜக் அடித்துச் சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் தான் அமரும் தட்டில் ஆடவே கூடாது, ஆடினால் கழன்றுவிடும். விறைப்புக்கு ஏற்ற ஷொக் அப்சோபரும் வேண்டும், இல்லாவிட்டால் வாகனம் துள்ளும்.

சுருளை வெட்டினால் ஸ்பிரிங் மென்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விறைக்கும்: வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட நீளப் பனஞ்சலாகை வளையும், அதே சலாகையின் குட்டைத் துண்டு வளையாது.