நேஜா 2 பார்க்கலாமா? சீனப் புராணம் தெரியாவிட்டால் புரியுமா?

"உலகத்திலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படம் நேஜா 2 என்கிறார்கள். முதல் பாகம் பார்க்கவில்லை, சீனப் புராணமும் தெரியாது. நேராக இரண்டாம் பாகத்தைப் பார்த்தால் பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தப்பை நான் செய்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்: வேண்டாம். 2025 மார்ச்சில் சிங்கப்பூரில் படம் வந்தபோது, கூட வேலை பார்க்கும் சீனத் தோழி டிக்கெட்டை எடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரப் படம். கடைசி அரை மணியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, நானோ இந்தக் கிழவர் யார், அந்தத் தாடிக்காரர் ஏன் திக்கித் திக்கிப் பேசுகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் மூலக் கதையை அவள் சொன்னாள். வீட்டுக்கு வந்து முதல் பாகம் பார்த்தேன். அடுத்த வாரம் இரண்டாம் பாகத்துக்குத் தனியாகப் போனேன். அப்போதுதான் நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

சரி, அவள் சொன்ன கதை. (இதற்குமேல் இரண்டு படங்களின் முக்கியமான இடங்களையும் சொல்லப்போகிறேன். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

மூலம் 'ஃபெங்ஷென் யான்யி' என்ற நாவல். மிங் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் உருவானது, நூறு அத்தியாயம். ஷாங் வம்சம் வீழ்ந்து சௌ வம்சம் எழும் போரில் தேவர்களும் முனிவர்களும் பூதங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்ள, போரில் செத்தவர்களுக்குக் கடைசியில் பட்டியல் போட்டுத் தேவ பதவி கொடுக்கிறார்கள். அதில் 12-ஆம் அத்தியாயத்தில் வந்து குதிக்கிறான் நேஜா. தாய் வயிற்றில் மூன்றரை வருடம் இருந்துவிட்டு ஒரு சதைப் பிண்டமாகப் பிறக்கிறான். சென்டாங் கோட்டையின் தளபதியான அப்பா லி ஜிங் அந்தப் பிண்டத்தை வாளால் வெட்ட, உள்ளேயிருந்து கையில் தங்க வளையமும் உடம்பில் சிவப்புப் பட்டுமாக ஒரு குழந்தை வெளியே வருகிறது.

ஏழு வயதில் ஆற்றில் குளிக்கப் போகிறான். அந்தப் பட்டுத் துணியைத் தண்ணீரில் அலச, கிழக்குக் கடலின் அடியில் நாகராஜன் ஆவ் குவாங்கின் அரண்மனையே ஆடுகிறது. (டிராகனை இங்கே நாகம் என்றே எழுதுகிறேன், சீன மொழியில் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்களும் நாகத்தை டிராகன் என்றுதான் எழுதினார்கள்.) விசாரிக்க வந்த யட்சனைக் கொல்கிறான். அடுத்து வந்த மூன்றாம் இளவரசன் ஆவ் பிங்கையும் கொன்று, முதுகு நரம்பை உருவி, அப்பாவுக்கு இடுப்புப் பட்டை செய்யலாம் என்று வீட்டுக்கு எடுத்து வருகிறான்! நாகராஜர்கள் நால்வரும் வந்து பெற்றோரைப் பிடித்துக்கொள்ள, "நான் செய்ததற்கு இவர்கள் எதற்கு?" என்று தன்னைத் தானே அறுத்து, சதையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாகிறான்.

இந்த இடத்தில் நமக்குப் பொழிப்புரை தேவையில்லை. திருச்செங்கோட்டில் மூன்று காலோடு நிற்கும் பிருங்கி முனிவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிவனை மட்டும் வலம் வந்தவரிடம் "என் பங்கைத் திருப்பிக் கொடு" என்று பார்வதி சதையையும் ரத்தத்தையும் எடுத்துக்கொள்ள, எலும்பு மட்டும் மிஞ்சியதே, அதே கணக்குதான். ஆனால் சீனாவில் இதன் கனம் வேறு. உடம்பும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்குச் சேதம் வராமல் காப்பதே பிள்ளைக் கடமையின் தொடக்கம் என்று கன்பூசிய மரபின் 'சியாவ் ஜிங்' நூல் சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை "இந்தாருங்கள் உங்கள் உடம்பு, இனி கடன் இல்லை" என்று சொல்வதைக் கற்பனை செய்துபாருங்கள்.

கதை அதோடு முடிவதுமில்லை. ஆவியாக அம்மாவின் கனவில் வந்து கோயில் கட்டச் சொல்கிறான். அம்மா ரகசியமாகக் கட்டிய அந்தக் கோயிலையும் சிலையையும் அப்பா உடைத்து எரிக்கிறார். குரு தாய்யி தாமரையிலிருந்து புது உடம்பு செய்து தர, நேஜா ஈட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கொல்லத் துரத்துகிறான். கடைசியில் ஒரு முனிவர் லி ஜிங்குக்கு ஒரு கோபுரத்தைக் கொடுத்து, பையனை அதற்குள் அடைத்து அடக்கும் வித்தையைச் சொல்லித் தருகிறார். சீனக் கோயில்களில் லி ஜிங் கையில் கோபுரத்தோடு நிற்பது அதனால்தான் என்கிறது கதை. அப்பாவும் பிள்ளையும் சமாதானமானார்கள் என்று சொல்ல முடியாது, பயத்தில் அடங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

இதை எடுத்து 2019-இல் முதல் படத்தைச் செய்தவர் ஜியாவ்ட்சு. புனைபெயர்தான், பொருள் சீனக் கொழுக்கட்டை. மருந்தியல் படித்துவிட்டு அதை உதறி அனிமேஷனுக்கு வந்தவர். கதையை அவர் தலைகீழாகப் புரட்டினார். ஒரு முத்து, நல்லது ஒன்று கெட்டது ஒன்று என இரண்டாகப் பிரிகிறது. லி ஜிங்கின் மகனுக்கு வரவேண்டிய நல்ல பாதியை ஷென் கோங்பாவ் (அந்தத் திக்குவாய்க்காரர்) திருடி ஆவ் பிங்குக்குக் கொடுத்துவிட, கெட்ட பாதி நேஜாவுக்கு வருகிறது. மூன்று வயதில் இடி விழுந்து சாவான் என்று விதி. ஊர் அவனைக் கண்டாலே கதவைச் சாத்துகிறது. மூலத்தில் நேஜா கொன்ற ஆவ் பிங், இங்கே கடற்கரையில் அவனோடு இறகுப் பந்தைக் காலால் தட்டி விளையாடும் ஒரே நண்பன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் அப்பா. மகனுக்கு விழவேண்டிய இடியைத் தான் வாங்கிக்கொள்ள ரகசியமாக ஏற்பாடு செய்யும் லி ஜிங் இவர். கண் கலங்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. ஆனாலும் எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஷாங்காய் அனிமேஷன் ஸ்டுடியோ 1979-இல் எடுத்த பழைய படத்தில், கோழை அப்பாவின் வாளை எடுத்துக் கழுத்தை அறுத்துக்கொள்ளும் சிறுவன் வருவான். குழந்தைகளுக்கான படம்தான் அதுவும்! புதிய நேஜாவுக்குப் பெற்றோர் மீது கோபப்படக் காரணமே கிடையாது. இரண்டாயிரம் வருடக் குடும்ப ஒழுக்கத்தைக் கேள்வி கேட்ட பிள்ளையை, பாசத்தால் திருந்தும் பிள்ளையாக்கிவிட்டார்கள். வசூலுக்கு நல்லது. நம் ஊரில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவனைக் கடைசிவரை மலையிலேயே வைத்துத்தான் கும்பிடுகிறோம், இறக்கிக் கொண்டுவந்து அப்பா மடியில் உட்கார வைக்கவில்லை.

முதல் படம் முடிந்ததும் இப்படித்தான் முணுமுணுத்தேன். இரண்டாம் படத்தை மறுபடி பார்த்தபோது, அந்தக் கோபத்தை இயக்குநர் தொலைக்கவில்லை, இடம் மாற்றி வைத்திருக்கிறார் என்று பட்டது. இங்கே எதிரி மேலே இருக்கும் பெரியவர்கள். வெள்ளை வெளேரென்று பளிங்கு அரண்மனையில் வாழும் முனிவர் கூட்டம், கீழே இருப்பவர்களைப் பிடித்துவந்து மாத்திரையாகக் காய்ச்சுகிறது. அவர்களின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் வூலியாங், சீன வீடுகளில் நீண்ட ஆயுளுக்காக மாட்டும் படத்தில் இருக்கிற பெரிய நெற்றித் தாத்தாவின் சாயலிலேயே வருகிறார். சிரித்த முகம். நம் வீட்டுப் பூஜையறைப் படத்திலிருந்து ஒருவர் இறங்கிவந்து ஊரை எரித்தால் எப்படி இருக்கும்? இந்த அரண்மனையும் அதில் இடம் பெற்றவர்களுக்கு அது வழங்கும் அட்டையும் அமெரிக்காதான், கிரீன் கார்டுதான் என்று சீன இணையத்தில் பலர் எழுதினார்கள். இருக்கலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

அம்மா காட்சிக்கு வருகிறேன். பிரம்மாண்டமான கொப்பரைக்குள் எல்லோரும் மாட்டிக்கொள்ள, மந்திரத்தால் நேஜாவின் உடம்பெங்கும் முள் துருத்திக்கொண்டு நிற்கிறது. அசைந்தால் குத்தும். அம்மா அந்த முட்களோடு சேர்த்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள், பிடித்தபடியே கரைந்துபோகிறாள். அந்தத் துக்கத்தில் அவன் உடம்பு துண்டு துண்டாகச் சிதறி, நெருப்பில் மறுபடி கூடுகிறது. முதல் தடவை இதை நல்ல கிராபிக்ஸ் என்று மட்டும் பார்த்தேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது: சதையையும் எலும்பையும் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பழைய காட்சி இதுதான்! கடனைத் தீர்க்க அறுத்துக் கொடுத்த உடம்பு, இங்கே அம்மா போன வலியில் தானாக உடைகிறது. சீனப் பார்வையாளர்கள் அழுததில் பாதி இந்தப் பழைய ஞாபகத்துக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புராணம் தெரியாமல் போகாதீர்கள் என்று நான் சொல்வதும் இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

குறை இல்லாமல் இல்லை. நடுவே வரும் மூன்று சோதனைகள் வீடியோ கேம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடுகின்றன. மூத்திர நகைச்சுவை என் வயதுக்குக் கொஞ்சம் அதிகம். கடைசிப் போரில் 138 நிறுவனங்களின் உழைப்பும் தெரிகிறது, அத்தனை பேருக்கும் திரையில் இடம் ஒதுக்கியதும் தெரிகிறது, கண் களைத்துவிடும். கதையாக எனக்கு முதல் பாகமே கெட்டி. வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது உண்மை, ஆனால் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே கிடைத்தது. அந்த எண்ணை வைத்து எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம், "சீனப் புராணம் நமக்கு அந்நியம்" என்று நினைப்பவர்களுக்கு. நேஜா என்ற பெயரே நளகூபரன் என்பதிலிருந்து வந்தது. குபேரனின் மகன் நளகூபரனேதான். குபேரன் பௌத்தத்தோடு வைஸ்ரவணனாகச் சீனாவுக்குப் போனபோது மகனும் கூடப் போனான். அங்கே வைஸ்ரவணன், தாங் வம்ச காலத்தில் உண்மையில் வாழ்ந்த லி ஜிங் என்ற தளபதியோடு ஒன்றாகிவிட்டார், பையன் நேஜா ஆனான். நம் பக்கத்தில் நளகூபரனை எப்படித் தெரியும்? தம்பி மணிக்ரீவனோடு மருத மரமாக நின்று, உரலில் கட்டப்பட்ட கண்ணன் இழுத்துச் சாய்த்ததும் சாபம் நீங்கினவன். அந்தக் காட்சி சீனாவின் சுவான்ஜோவில், கையுவான் கோயிலின் தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலிலிருந்து வந்த தூண் என்று கருதப்படுகிறது. அதே ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. அந்தத் தூணைத் தாண்டிப் போன சுவான்ஜோக்காரர்களில் எத்தனை பேருக்கு, அதில் இருப்பது தங்கள் நேஜாவின் மூலவன் என்று தெரிந்திருக்கும்!

பார்க்கும்போது மாண்டரின் ஒலியோடு பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் அம்மாவுக்கு மிஷேல் யோ குரல் கொடுத்திருக்கிறார், ஆனால் பன்றி மேல் பறந்துவரும் தாய்யி பேசும் சிச்சுவான் வட்டார வழக்கு அதில் போய்விடும். ஒரு மகரிஷி நெல்லைத் தமிழில் பேசினால் வரும் சிரிப்பு அது. ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொப்பரைக் காட்சி கடினம்.

இங்கே சிங்கப்பூரில் நேஜா வெறும் கார்ட்டூன் இல்லை, (கதையில் ஆவ் பிங்கைப் போல) இவரையும் மூன்றாம் இளவரசர் என்றே கும்பிடுகிறார்கள். அவர் இறங்கிய சாமியாடி வாயில் குழந்தைகளின் ரப்பர் சூப்பானைச் சப்பிக்கொண்டு குழந்தைபோல் பேசுவார், சன்னிதியில் மிட்டாயும் பொம்மைக் காரும் இருக்கும். தோழியின் பாட்டிக்கு முதல் படத்தைப் போட்டுக் காட்டியபோது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்த நேஜாவைப் பார்த்து "எங்கள் இளவரசர் இவ்வளவு அசிங்கமா?" என்று திட்டினாராம். திட்டிக்கொண்டேதான் கடைசிவரை பார்த்திருக்கிறார்.