மூச்சு வாங்காமல் ஒரு கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் மிதிவண்டி) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள், மொத்தம் ஆறு மணி நேரம் ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் முடிந்தவரை வேகமாகவே மிதிக்கிறேன். ஆனாலும் இரண்டு மாதமாகச் சராசரி வேகம் மணிக்கு 26 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. காலையில் எழும்போதே கால்கள் கனக்கின்றன. இன்டர்வல் பயிற்சி (கடுமையாக மிதிப்பதும் ஓய்வும் மாறி மாறி), பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை அளக்கும் கருவி), உடல் எடையைக் குறைப்பது, எடை குறைந்த சக்கரங்கள் ஆகியவற்றில் எதை முதலில் தொடங்க வேண்டும்? வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்வியைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: ‘ஒவ்வொரு முறையும் முடிந்தவரை வேகமாகவே மிதிக்கிறேன்.’ சில நாட்களாக என் பழைய பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆண்டின் பக்கம் பக்கமாக இதே வரிதான் அதில் இருக்கிறது.

சக்கரங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சமதளத்தில் அந்த வேகத்தில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்று, அந்தக் காற்றில் மோதுவதோ பெரும்பாலும் உங்கள் உடல். முழங்கைகளை மடக்கி முதுகைத் தாழ்த்தி ஓட்டப் பழகுங்கள், அதற்குச் செலவே இல்லை. பவர் மீட்டர் நல்ல கருவிதான், ஓராண்டு கழித்து வாங்கலாம். எடையைக் குறைப்பதற்காகப் பட்டினியோடு நெடுந்தூரம் போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். சராசரி வேகத்தை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்வதை நிறுத்துங்கள். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 26-லிருந்து 28-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர்தானே என்று நினைத்து, களைத்த கால்களிடம் அதைத் தினமும் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

எங்கள் குழுவில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் இருந்தார். முதல் ஒரு மணி நேரத்தில் அவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போவதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில், கடைசி ஏற்றத்தில், நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும்போது அவர் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வந்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்பார். ஒரு நாள் என்னைத் தன்னருகே ஓட்டச் சொல்லி, ஏதாவது கதை சொல் என்றார். மூச்சு வாங்கி என் வாக்கியம் எங்கே அறுந்ததோ அங்கே அவர் வேகத்தைக் குறைத்தார். அன்று முழுவதும் எனக்கு அவமானமாகவும் சலிப்பாகவும் இருந்தது. மறுநாள் காலை, பல மாதங்களுக்குப் பிறகு, கால்கள் கனக்காமல் எழுந்தேன்.

இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுவதும், தசைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும், கொழுப்பை எரித்து மாவுச்சத்தைச் சேமிக்க உடல் பழகுவதும் அப்படிப்பட்ட நிதானமான மணி நேரங்களில் நடக்கின்றன. கடும் முயற்சியிலும் இவற்றில் பல நடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடும் முயற்சியை வாரத்தில் பல மணி நேரம் எந்த உடலும் தாங்காது. நார்வேயில் பணியாற்றும் உடற்செயலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்து, அவற்றில் சுமார் 80 சதவீதம் எளிய தீவிரத்தில் இருப்பதை எடுத்துக்காட்டினார். வாரத்துக்கு ஆறு மணி நேரமே கிடைப்பவருக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தாது என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கலாம். ஆனால் நீங்கள் நான்கு நாளும் ஒரே நடுத்தர வேதனையில் ஓட்டுகிறீர்கள். எளிதாக ஓட்டவேண்டிய நாளில் அது அதிகம், கடுமையாக ஓட்டவேண்டிய நாளில் அது குறைவு. உங்களிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை, அந்த உழைப்பை இப்படி வீணடிப்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வரிசை கேட்டீர்கள். ஆறு வாரங்களுக்கு மூன்று நாள் முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். அவற்றில் ஒன்றை வாரந்தோறும் 15 நிமிடம் நீட்டுங்கள், நான்காவது வாரம் மட்டும் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள ஒரு நாளில் நீங்கள் கேட்ட இன்டர்வல்: நான்கு நிமிடம் வீதம் நான்கு முறை, நடுவில் போதிய ஓய்வோடு. அன்று உங்கள் ஆசை தீர மிதியுங்கள். ஹேண்டிலில் வேகம் காட்டும் திரையிலிருந்து சராசரி வேகத்தை இன்றே நீக்கிவிடுங்கள். காலையில் கால் கனத்தால் அன்று வண்டியை எடுக்காதீர்கள், இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள்.