பங்குனியிலேயே 40 டிகிரி: நிறைமாதப் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

கத்திரி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் வேலூரில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டது. 31 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் என்பதால், வயிற்றுப் பிள்ளையோடு இந்த வெயிலைத் தாண்டப்போகிறவர்கள் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பிப் பொருள் கேட்டவர்களும், மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று கேட்டவர்களும் மன்னிக்க வேண்டும். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குடியாத்தம், 35 வாரம்: வீட்டில் மற்றவர்கள் சும்மா இருக்கும்போது எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. சாயங்காலம் ஆனால் வயிறு கல் மாதிரி இறுகுகிறது. "பெரிதுபடுத்தாதே" என்கிறார்கள்.

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை, அம்மா. நிறைமாதத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடியிருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளையின் உடம்பு உங்கள் உடம்பைவிட அரை டிகிரி போலச் சூடாக இருக்கும். அந்தச் சூடு வெளியேற வேறு வழி இல்லை. பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியாக உங்கள் ரத்தத்துக்கு வந்து, உங்கள் தோல் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பேர் சூட்டை ஒரு தோல் வெளியேற்றுகிறது. வேர்க்காமல் என்ன செய்யும்?

வயிறு இறுகுவதற்குப் பல நேரம் தண்ணீர் போதாததுதான் காரணம். என் மூத்த மகள் வயிற்றில் இருந்த மே மாதம், எட்டாம் மாதத்தில், காலை 7 மணி டியூட்டிக்குப் போனவள் மத்தியானம் 2 மணி வரை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவில்லை. அத்தனை கூட்டம். வயிறு இறுகி இறுகி விட்டது, குறைமாதத்தில் பிறந்துவிடுமோ என்று பயந்துபோனேன். இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் அடங்கியது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் நான், எனக்கே அந்த நிலை.

இறுகும்போது இரண்டு டம்ளர் தண்ணீரோ மோரோ குடித்துவிட்டு, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். ஒரு மணி நேரத்தில் அடங்கினால் பொய் வலி. அடங்காமல் சீராக வந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே கிளம்புங்கள். 37 வாரம் ஆகாத யாருக்கும் இதே பேச்சுதான்.

இன்னொன்று, இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன்: அசைவைக் கவனியுங்கள். பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாக அசைவதாகத் தோன்றினால், ஏதாவது குடித்துவிட்டு இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி. ராத்திரி 1 மணியானாலும் சரி. "விடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது.

திருத்தணி, 29 வாரம்: ஒரு நாளைக்கு எத்தனை இளநீர் குடிக்கலாம்?

ஒன்று. சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. இளநீர் தண்ணீருக்குப் பதில் இல்லை, தண்ணீரோடு கூடத்தான்.

ஆம்பூர், 31 வாரம்: ஷூ கம்பெனியில் லைனில் நின்றுதான் வேலை. மேலே தகரக் கூரை. பாத்ரூம் தூரம், அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைக்கிறார். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இரண்டு நாளாக நீர் போகும்போது எரிச்சல்.

இன்று வந்த கேள்விகளில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். எரிச்சலுக்கு நாளைக்கே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சூட்டு எரிச்சல் என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று மேலே ஏறி சிறுநீரகத்தைப் பிடிக்கும், குறைமாத வலியையும் கிளப்பும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது, குணமாகிவிடும்.

அடுத்து வேலை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெயிலிலும் சூட்டிலும் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு என்று தெரிந்தது. எங்கோ வெளிநாட்டுக் கணக்கு இல்லை, நம் பெண்கள். ஆகவே "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

செக்கப்புக்குப் போகும்போது, நீண்ட நேரம் நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டால் முறைப்பவர்கள் கடிதத்தைப் பார்த்தால் யோசிப்பார்கள். சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் 26 வார விடுப்புக்கு ஊதியம் உண்டு, அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். உங்கள் கணக்குப்படி அடுத்த வாரமே எடுக்க முடியும். குழந்தை பிறந்த பிறகு கூடுதல் நாள் இருக்கட்டும் என்று பெண்கள் கடைசி நாள் வரை வேலைக்குப் போகிறார்கள். எனக்கு அந்த ஆசை புரிகிறது. ஆனால் வலி வருவது மே மாதத்தில் என்றால், முன்னால் எடுக்கும் நாட்கள்தான் அதிகம் உதவும்.

அதுவரை ஒரு லிட்டர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, அரை மணிக்கு நாலு வாய் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை.

அரக்கோணம், 32 வாரம்: இளநீர் குளிர்ச்சி என்பதால் தினமும் மூன்று குடிக்கிறேன். சரியா?

மேலே திருத்தணிக்குச் சொன்னதுதான்.

ராணிப்பேட்டை, 33 வாரம்: உடம்பெல்லாம் வேர்க்குரு. உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் தாங்க முடியாமல் அரிக்கிறது. பவுடர் போடலாமா?

உள்ளங்கையில் வேர்க்குரு வராது. பவுடரை விடுங்கள். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து ராத்திரியில் கூடினால், அது கர்ப்ப காலத்தில் வரும் ஈரல் கோளாறாக இருக்கலாம். பித்த அமிலமும் ஈரல் பரிசோதனையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இந்த வாரத்துக்குள். வெயில்மேல் பழியைப் போட்டுப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிள்ளைக்கு ஆபத்தான விஷயம் இது. அசைவையும் பாருங்கள்.

ஆரணி, 34 வாரம்: மே 13 தேதி கொடுத்திருக்கிறார்கள். சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்று சித்திரை பிறப்பதற்குள் சிசேரியன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். வெயிலும் இப்படி இருப்பதால் எனக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கிறது.

வேண்டாம், கண்ணு. ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். அதற்கு முன் எடுத்தால் பிள்ளைக்கு 36 வாரம்கூட முழுதாக ஆகியிருக்காது. வேறு மருத்துவக் காரணம் இல்லாதபோது, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் 39 வாரத்துக்கு முன்பு கூடாது. 35 வாரத்தில் பிள்ளையின் மூளை, நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரல் விரிய மறுக்கும், மஞ்சள் காமாலை கூடும், மார்பைப் பிடித்து உறிஞ்சத் தெம்பு இருக்காது. சரியாகப் பால் குடிக்காத பிள்ளை இந்த வெயிலில் ஒரே நாளில் வாடிவிடும். வெயிலுக்குப் பயந்து எடுத்த பிள்ளையை அதே வெயிலில் தவிக்க விடுவதாக ஆகும்.

ஆரணிப் பெண்ணின் மாமியார்: சிஸ்டர், நான் நாலு பெற்றவள். "சித்திரை அப்பன் தெருவிலே" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதே அதற்குத்தானே?

அம்மா, நீங்கள் சொல்வதில் பாதியை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிரசவம், கணக்கு சரியாக வரும். டிரிப்ஸ் இல்லாத, ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் அக்கினி வெயிலில் பிள்ளை பெற்றவள் பட்டபாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த வழக்கம் அது. தாயையும் பிள்ளையையும் காக்க வந்த வழக்கம். அதனால்தான் சொல்கிறேன், அந்த வழக்கத்தின் பெயரால் பிள்ளையைக் குறைமாதத்தில் வெளியே எடுப்பது, அதை வைத்த பெரியவர்களின் நோக்கத்துக்கே எதிரானது. அவர்கள் பயந்தது வெயிலுக்கு. சித்திரைப் பிள்ளைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

போளூர், ஒரு வாசகர்: நானே சித்திரையில் பிறந்தவன். அப்பா தெருவுக்கு வரவில்லை, சொந்த வீடு கட்டினார். ஆனால் சிறுவயதில் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் என் பிறந்த மாதத்தைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இதை எழுதியதற்கு நன்றி. ஆரணி வீட்டில் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

செய்யாறு, 30 வாரம்: எங்கள் ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

39 வாரம் முடிந்து, சிசேரியன் எப்படியும் தேவை என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த நாளில் எந்த மணி என்று கேளுங்கள். என்னிடம் அதற்குச் சண்டை இல்லை. வாரத்தை மட்டும் ஜோசியர் குறிக்கக் கூடாது.

இதைப் பற்றியே இன்னும் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் என்னைத் திட்டியும், பாதிப் பேர் மாமியாரைத் திட்டியும். அவரைத் திட்டாதீர்கள், அவர் மருமகளுக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். சரி, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வாணியம்பாடி, 28 வாரம்: கர்ப்ப கால சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். பிரிட்ஜ் இல்லை, கரண்ட் வேறு போகிறது.

மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சின்ன மண்சட்டி வைத்து, இன்சுலினை மூடிபோட்ட டப்பாவில் அதற்குள் வையுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான மூலை. மருந்தில் தண்ணீர் படக் கூடாது. பதநீர், கரும்புச்சாறு, பாட்டில் ஜூஸ் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் உங்களுக்கு நல்லது.

சோளிங்கர், 36 வாரம்: ஏசி போட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா?

பிடிக்காது. 26, 27 டிகிரியில் வைத்துத் தூங்குங்கள். ஏசி இல்லாதவர்கள் ஈரத்துணியை உடம்பில் போட்டு மின்விசிறிக்குக் கீழே படுங்கள். அறை 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் மின்விசிறி சூடான காற்றைத்தான் அடிக்கும், அப்போது ஈரத்துணி கட்டாயம். மாடி அறையில் படுக்காதீர்கள், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரியில்தான் கக்கும்.

காட்பாடி, 37 வாரம்: கால் வீங்குகிறது. உப்பை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிட்டேன்.

இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள். வெயிலில் கால் வீங்குவது சகஜம், தலையணைமேல் தூக்கி வையுங்கள். முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எது வந்தாலும் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். அசைவையும் பாருங்கள்.

ஆற்காடு, 38 வாரம்: உடம்புச் சூடு தணிய விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார்கள். வலியும் சீக்கிரம் வருமாம்.

குடிக்காதீர்கள். பேதியாகி உடம்பில் இருக்கும் தண்ணீரும் போய்விடும். அந்த நிலையில் வலியோடு வந்த பெண்களுக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் நான் திண்டாடியிருக்கிறேன்.

திருவலம், 30 வாரம்: செவ்விளநீரா, பச்சை இளநீரா?

இளநீர் பற்றி இது மூன்றாவது. எது கிடைக்கிறதோ அது. இனி இளநீருக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஒரு கணவர், ஜோலார்பேட்டை: வெயிலில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது?

நீங்களாவது இதைக் கேட்டீர்களே. நிழலுக்குத் தூக்கி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சேலையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. நன்றாகத் தெளிந்து, தானாகக் கையில் வாங்கிக் குடிக்க முடிந்தால் மட்டும் தண்ணீர். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ 108. அது வெயில் தாக்கு, பாராசிட்டமால் கேட்காது. வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஆரணி மாமியார் மறுபடியும்: சரி, சித்திரையிலேயே பிறக்கிறது என்றால் வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

மேற்குச் சுவர் இல்லாத அறையாகப் பாருங்கள், ஜன்னலில் ஈரச்சாக்கு. பிள்ளைக்கு மெல்லிய பருத்தித் துணி ஒரு சுற்றுப் போதும், மே மாதத்தில் குல்லாவும் கம்பளியும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தாய்ப்பால் தவிரச் சர்க்கரைத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ ஒரு சொட்டும் கூடாது, தாய்ப்பாலில் 88 சதவீதம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் மருமகள் குடித்தால்தான் ஊறும். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பத்தியம் வைக்காமல், அவள் தலைமாட்டில் சொம்பு நிறைய வைத்து, தீரத் தீர நீங்களே நிரப்புங்கள்.