மரபணு இருக்கட்டும், இருமல் எத்தனை நாளாக?

நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டே முக்கால் பக்கம் மரபணு, அதாவது ஜீன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் பக்கம் பன்னிரண்டு வருடமாக டீக்கடை, நாள் முழுக்க பஸ் புகை, 'காற்றுத் தூசி நுரையீரல் ஜீனையே மாற்றிவிடும்' என்று போனில் ஒரு வீடியோ, அது பத்தாவது படிக்கும் மகளுக்கும் போய்விடுமோ என்ற பயம். போகாது. உங்கள் நுரையீரல் செல்லில் நடப்பது உங்களோடு சரி. அதிலும் நீங்கள் கடை போடும் முன்பே பிறந்த பிள்ளை அது.

வீடியோக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார். டீசல் புகையின் நுண்துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது, மூக்கு தொண்டை எதிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே செல் சும்மா இருக்குமா? அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை முடுக்கிவிடும், துகளோடு ஒட்டி வந்த ரசாயனத்தை உடைக்க சிஒய்பி1ஏ1 என்கிற மரபணு மாதிரி சிலவற்றையும். டிஎன்ஏ மேல் மெத்தில் என்கிற பூட்டுகள் சில இடத்தில் ஏறும், சில இடத்தில் இறங்கும். உங்கள் கடையில் சரக்கு அதேதான், கூட்டத்தைப் பார்த்து எந்த அடுப்பைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று மாற்றுகிறீர்கள் இல்லையா, அந்தக் கதை. சிகரெட்டை விட்டவர்களிடம் இந்த மெத்தில் அடையாளங்களில் பல, வருடக்கணக்கில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அதற்காகப் புகை நல்லது என்று சொல்லவில்லை, நுண்துகளை 2013-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. ஆனால் 9,000 ரூபாய் ஜீன் டெஸ்ட் வேண்டாம், தூசி உங்களை என்ன செய்தது என்று அது சொல்லாது. மூக்கு சிந்தினால் கறுப்பாக வருகிறதா, பெரிய தூசியைப் பிடிக்கும் வேலையை மூக்கு செய்கிறது. தூசிக்கு மருந்தென்று வெல்லம் தின்றால் அது வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்கு அல்ல.

சரி, கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: 'ஆறு வாரமா இருமல், சாயங்காலம் லேசா உடம்பு சுடும், பெல்ட்டில் ரெண்டு ஓட்டை உள்ளே போட்டிருக்கேன்.' இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளியைப் பார்க்கச் சொல்கிறோம். உங்களுக்கு ஆறு வாரம், கூடவே காய்ச்சல், உடல் மெலிவு. காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை வேறு பேச்சே கிடையாது. நாளைக் காலை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை பக்கம் என்றால் அங்கே. சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கும் அந்தச் சின்ன மாத்திரை, நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால் ஸ்டீராய்டு. காய்ச்சலை மறைக்கும், உள்ளே காசநோய்க் கிருமி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆறு வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் சரியில்லை, அட்டையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்வார். நீங்களாக இன்னொரு சிரப் வாங்காதீர்கள்.

மகளுக்கு ஏதாவது போகும் என்றால் இதுதான் போகும், காற்று வழியாக. ரிசல்ட் வரும் வரை தனி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுங்கள், கடையை வேறு யாராவது பார்க்கட்டும், ஆட்கள் நடுவே மாஸ்க் போடுங்கள். காசநோய்தான் என்றால் பெரும்பாலும் ஆறு மாத மருந்து, குணமாகிவிடும், வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். இல்லை என்று வந்தால் அப்புறம் நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுப்போம், பஸ் புகையைப் பற்றி அன்றைக்குப் பேசலாம்.