டேப்லெட்டைக் கணினியில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. செயலிகளை எப்படி நீக்குவது?

மகள் பாடம் படிக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட் என்று பட்டுக்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே கிடையாது. மன்னார்குடியில் அக்கா மகனின் டேப்லெட்டோடு ஒரு மாலை முழுக்கப் போராடினேன். வேறு கேபிள் மாட்டியதும் கணினி 'டிங்' என்றது!

கேபிள் சரி என்றால், திரையை மேலிருந்து இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். பாடங்களை நகலெடுக்க இது போதும்.

செயலிகளை நீக்க இது போதாது. செட்டிங்ஸில் பில்ட் எண்ணை (டேப்லெட் மென்பொருளின் பதிப்பு எண்) 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை, அதாவது கணினியிலிருந்து டேப்லெட்டுக்குக் கட்டளை அனுப்பும் வசதியை, இயக்குங்கள். கூகுள் இலவசமாகத் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸைக் (கட்டளை அனுப்பும் ஏடிபி கருவி இதில்தான் இருக்கிறது) கணினியில் இறக்கி, அந்தக் கோப்புறையில் கமாண்ட் விண்டோ திறந்து, 'ஏடிபி டிவைசஸ்' (adb devices) கட்டளையை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'அன்ஆதரைஸ்டு' என்று வந்தால் பயப்பட வேண்டாம், டேப்லெட் திரையில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் 'ஏடிபி அன்இன்ஸ்டால்' (adb uninstall) என்பதோடு செயலியின் பேக்கேஜ் பெயரை (டேப்லெட் அதை அடையாளம் காணும் உள்பெயர்) கொடுங்கள், நீங்கள் நிறுவிய செயலி என்றால் போய்விடும். என்னவென்று தெரியாத எதையும் தொடாதீர்கள்.

சிஸ்டம் மென்பொருளையே மாற்றி ஏற்றுவதானால் மடிக்கணினியில் செய்யுங்கள். ஐப்பசி மழையில் நம் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் டேப்லெட் எழாமலே போகலாம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.