தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர் அகதி அந்தஸ்து கோரலாமா?

கோரலாம். போர் போன்றவற்றால் பெருந்திரளாக வெளியேறி வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் தங்கும் உரிமையே தற்காலிகப் பாதுகாப்பு. அந்த அட்டை இருப்பதால் அகதி விண்ணப்பத்தை வாங்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னதாகவும், குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொன்னது சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/55 உத்தரவின் 17ஆம் பிரிவு, எந்த நேரத்திலும் விண்ணப்பிக்கும் உரிமையைத் தெளிவாகவே தருகிறது.

அவர்கள் 19ஆம் பிரிவை நினைத்துச் சொல்லியிருக்கக்கூடும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது தற்காலிகப் பாதுகாப்பு, அகதி விண்ணப்பதாரர் என்ற இரண்டு நிலைகளையும் ஒருசேர வைத்திருக்க முடியாது என்று உறுப்பு நாடுகள் விதிக்க அது இடமளிக்கிறதே தவிர, விண்ணப்பத்தையே மறுக்க இடமளிக்கவில்லை.

ஆகவே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் அப்படி விதித்திருக்கிறதா என்றும் பாருங்கள். விதித்திருந்தால், வேலை செய்யும் உரிமையை இடையில் இழக்க நேரலாம் என்பதால், குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கும் நிலையில், சட்ட உதவியாளரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அந்த நாட்டை இவ்வுத்தரவு கட்டுப்படுத்துவதில்லை.